வீட்டு முற்றத்துக்கு லீஃப் புளோயர்: தேர்ந்தெடுக்கும் முறையும் எரிபொருள் கலக்கும் முறையும்

உதிர்ந்த இலைகளைக் காற்றால் தள்ளிக் குவிக்கும் லீஃப் புளோயரை முதன்முறையாக வாங்குபவர்களில் பலர், பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் காற்று வேகத்தையும் விலையையும் மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அது மின்சாரத்தில் ஓடுகிறதா, பேட்டரியிலா, பெட்ரோலிலா என்பதைக் கடைசியாகத்தான் கவனிக்கிறார்கள். ஆனால் கருவியின் எடை, சத்தம், பராமரிப்பு, ஆயுள் ஆகிய நான்கும் அந்த ஒரு தேர்வைப் பொறுத்தே அமைவதால், அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

படி 1: முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

இடத்தின் பரப்பைவிடத் தரையின் தன்மை முக்கியம். சிமெண்டுத் தரையிலும் கல் பாவிய நடைபாதையிலும் காய்ந்த இலைகள் மெல்லிய காற்றுக்கே நகர்ந்துவிடும். புல்தரையிலோ, புல்லின் தாள்கள் இலையைப் பிடித்துக்கொள்வதால் கூடுதல் விசை தேவைப்படும். நனைந்து தரையோடு ஒட்டிய இலைகளைக் கிளப்புவது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். சரளைக்கல் பரப்பிய இடத்தில் வேகமான காற்று இலையோடு கல்லையும் எறியுமாதலால், அங்கே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள கருவி கட்டாயம் வேண்டும். மின் இணைப்பிலிருந்து முற்றத்தின் கடைக்கோடி எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எதில் ஓடும் கருவி என்பதை முடிவு செய்யுங்கள்

ஒயர் இணைப்பில் ஓடும் புளோயர் எடை குறைந்தது. மின்சாரம் இருக்கும்வரை நிற்காமல் ஓடும். ஒயர் எட்டும் தூரத்துக்கு அப்பால் போக முடியாது என்பதும், மரம், தொட்டி, செடி என்று ஒவ்வொன்றிலும் ஒயர் சிக்கும் என்பதும் அதன் குறைகள். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும் என்பதால், கையேடு குறிப்பிடும் தடிமனுள்ள, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ஒயரையே வாங்க வேண்டும். மின்கசிவு தடுப்பான் பொருத்திய இணைப்பிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்க வேண்டும். மழையிலும் ஈரத்தரையிலும் இந்த வகையைத் தொடவே கூடாது.

பேட்டரி வகையில் வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். வோல்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கிடைக்கும் வாட்-மணிதான் பேட்டரியில் உண்மையில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைச் சொல்லும். 56 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 280 வாட்-மணி. கருவி முழு வேகத்தில் 700 வாட் இழுத்தால் ஏறத்தாழ 24 நிமிடங்களில் அது தீர்ந்துவிடும், அதே கருவி மெதுவாக 200 வாட்டில் ஓடினால் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் வரும். முழு வேகத்தைத் தரும் ‘டர்போ’ பொத்தானை, தரையோடு ஒட்டிய ஈர இலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு பேட்டரியே போதும்.

பெட்ரோல் வகை, மின் இணைப்பு எட்டாத பெரிய தோட்டங்களுக்கும் மணிக்கணக்கான வேலைக்கும் உரியது. டேங்க் காலியானால் நிரப்பிக்கொண்டு தொடரலாம் என்பது அதன் பெரிய பலம். சத்தம், புகை, அதிர்வு, எரிபொருள் கலக்கும் வேலை ஆகியவை அதற்குக் கொடுக்கும் விலை. சராசரி வீட்டு முற்றத்துக்கு நான் பேட்டரி வகையையே பரிந்துரைப்பேன். அரை மணி நேர வேலைக்காகப் பெட்ரோல் எஞ்சினைப் பராமரிப்பது பயனுக்கு மிஞ்சிய உழைப்பு.

படி 3: பெட்டியிலுள்ள எண்களைப் படியுங்கள்

நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று வெளியேறுகிறது என்பதைச் சி.எஃப்.எம். என்ற அளவு காட்டும். அந்தக் காற்று எவ்வளவு வேகத்தில் வெளிவருகிறது என்பது மணிக்கு மைலிலோ கிலோமீட்டரிலோ தரப்படும். ஒட்டியிருக்கும் இலையைப் பெயர்ப்பது வேகம்; பெயர்ந்த குவியலைத் தள்ளிக்கொண்டு போவது காற்றின் அளவு. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் சீறிப் பாய்வதைப் போல, குழலின் முனையைக் குறுக்கினால் வேகம் கூடும், அளவு குறையும். ஆகவே மிகக் குறுகிய முனையில் கிடைத்த வேகத்தையும் அகன்ற முனையில் கிடைத்த அளவையும் ஒரே பெட்டியில் அருகருகே அச்சிட்டிருக்க வாய்ப்புண்டு என்பதை நினைவில் வையுங்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டும் தள்ளுவிசையை நியூட்டனில் குறிப்பிட்டிருந்தால், ஒப்பிடுவதற்கு அதுவே நம்பகமானது. வேகமா, அளவா என்ற இக்கட்டு வந்தால், வீட்டு வேலைக்கு அளவு கூடியதையே எடுங்கள்.

சத்தத்தின் அளவையும் பாருங்கள். 85 டெசிபலுக்கு மேல் நீண்ட நேரம் கேட்பது செவிக்குக் கேடு என்பதால், பெட்ரோல் புளோயரைக் காதுக்கவசம் இல்லாமல் இயக்கக் கூடாது. கடையில் கருவியைக் கையில் எடுத்து, குழலைத் தரையை நோக்கிச் சாய்த்து, சில நிமிடங்கள் அப்படியே பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் அது உங்களுக்கான கருவி அன்று.

படி 4: பெட்ரோல் வகை என்றால், எரிபொருளைச் சரியாகக் கலக்குங்கள்

தொடக்கநிலையினர் எஞ்சினைப் பாழாக்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கையில் பிடிக்கும் புளோயர்களில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. அந்த எஞ்சினில் ஆயிலுக்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்பைத் தந்துவிட்டு, பிறகு எரிந்து வெளியேறுகிறது. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால், சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகும். ஆயில் அதிகமானால் உடனடி ஆபத்தில்லை. ஆனால் புகை கூடும், ஸ்பார்க் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும்.

விகிதம் கருவியின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். 50:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. உத்தேசமாக ஊற்றாமல், அளவுக் கோடுகள் உள்ள குடுவையாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ அளந்து ஊற்ற வேண்டும். காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான, ஜாசோ எஃப்.டி. (JASO FD என்ற ஜப்பானியத் தரக்குறியீடு) என்று குறித்த ஆயிலை வாங்குங்கள். டி.சி.-டபிள்யூ3 (TC-W3) என்று குறித்த ஆயில், நீரால் குளிரும் படகு எஞ்சின்களுக்கானது. கார் எஞ்சின் ஆயிலும் இதற்கு ஆகாது.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வெறும் பெட்ரோல் போதும், ஆயிலைத் தனியே ஊற்ற வேண்டும் என்பது பொது விதி. இதற்கும் விலக்கு உண்டு: ஸ்டில் நிறுவனத்தின் 4-மிக்ஸ் எஞ்சின் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆனாலும், கலந்த எரிபொருளிலேயே ஓடுகிறது. கையேட்டைப் பார்க்காமல் எந்த டேங்கிலும் எதையும் ஊற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதையும் கவனிக்க வேண்டும். சிறிய எஞ்சின்களின் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் எல்லையைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து, டேங்கின் அடியில் தனி அடுக்காகப் படியும். எரிபொருளை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. ஆயிலோ மேலே பெட்ரோல் அடுக்கோடு நின்றுவிடும். வழவழப்பே இல்லாத அந்த அடுக்கு எஞ்சினுக்குள் போனால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

கலக்கும்போது, எரிபொருளுக்கென்றே தயாரித்த கேனைத் தரையில் வைத்து, முதலில் பாதிப் பெட்ரோலையும் அடுத்து அளந்த ஆயில் முழுவதையும் ஊற்றி, மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலைச் சேர்த்து மறுபடி குலுக்குங்கள். கேனின்மேல் விகிதத்தையும் கலந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். கலவை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குத்தான் நன்றாக இருக்கும். ஆகவே ஐந்து லிட்டரை ஒரேயடியாகக் கலந்து வைப்பதில் சிக்கனம் ஏதுமில்லை.

படி 5: டேங்கை நிரப்பி இயக்குங்கள்

எஞ்சின் ஆறிய பிறகே, திறந்தவெளியில், நெருப்போ சிகரெட்டோ அருகில் இல்லாதபோது நிரப்ப வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டுத் திறங்கள். கேனை ஒருமுறை குலுக்கிவிட்டு, புனல் வைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு ஊற்றுங்கள். சிந்தியதைத் துடைத்து, நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிச் சென்று எஞ்சினைக் கிளப்புங்கள்.

குளிர்ந்த எஞ்சினாக இருந்தால், கார்புரேட்டர் அருகிலுள்ள ரப்பர் குமிழை எரிபொருள் ஏறும்வரை சிலமுறை அழுத்தி, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை மூடி, ஸ்டார்ட்டர் கயிற்றை இறுக்கம் தட்டும்வரை மெதுவாக இழுத்து, பிறகு சட்டென்று இழுக்க வேண்டும். எஞ்சின் ஒருமுறை இருமி நின்றதும் சோக்கைத் திறந்துவிட்டு மறுபடி இழுங்கள். அந்த இருமலைக் கவனிக்காமல் மூடிய சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால் ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும். பிறகு எஞ்சின் கிளம்பாது. ஓடத் தொடங்கியதும் ஒரு நிமிடம் சூடேற விட்டு, கண்ணாடியும் காதுக்கவசமும் அணிந்து, காற்று வீசும் திசையிலேயே இலைகளைத் தள்ளுங்கள்.

படி 6: வேலை முடிந்த பின்

ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால், டேங்கிலுள்ளதைக் கேனுக்கு மாற்றிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் எஞ்சியது கார்புரேட்டருக்குள் பிசினாக உறைந்து நுண்துளைகளை அடைக்கும். ஏர் ஃபில்டரையும் அப்போதே தட்டித் துடைத்துவிடலாம். பேட்டரி வகையானால், பேட்டரியைக் கழற்றி, ஏறத்தாழப் பாதிச் சார்ஜில், உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போட வேண்டாம். பழசாகிப்போன கலவையைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய கேனிலேயே வைத்து, அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.