ப்ளூபேர்ட் கூட்டுப்பெட்டி வைப்பது எப்படி: பெட்டியை விடக் கம்பம் முக்கியம்

அமெரிக்காவின் நார்த் கரோலைனாவில், ராலே நகருக்குச் சற்று வெளியே எங்கள் வீடு. பின்பக்கம் திறந்த புல்வெளி. முதுகு நீலமும் மார்பு செம்பழுப்புமாக ஈஸ்டர்ன் ப்ளூபேர்ட் ஜோடி ஒன்று மூன்று வருடமாக அங்கே கூடு கட்டுகிறது. முதல் இரண்டு வருடமும் ஒரு குஞ்சுகூடப் பறந்து போகவில்லை. மூன்றாம் வருடம் ஒன்பது குஞ்சுகள் பறந்தன. நடுவில் நான் மாற்றியது கம்பத்தையும் அதிலுள்ள தடுப்பையும் மட்டும்தான்.

1. பெட்டி

கடையில் வாங்கினாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, வாசல் துளை 1½ அங்குலம் இருக்க வேண்டும். அதற்குள் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் நுழைய முடியாது. தரை 4-க்கு 4 அங்குலமோ 5-க்கு 5 அங்குலமோ போதும். சீடார் அல்லது பைன் பலகை நல்லது. உள்ளே பெயின்ட் வேண்டாம். துளைக்குக் கீழே உட்காரக் குச்சி வைத்த அலங்காரப் பெட்டிகளை வாங்காதீர்கள். ப்ளூபேர்டுக்கு அது தேவையே இல்லை, வம்புக்கு வரும் பறவைகளுக்குத்தான் உதவும். பக்கவாட்டில் திறக்கும் பெட்டிதான் எனக்குப் பிடிக்கும். மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருக்கும் தாய் மிரண்டு முகத்துக்கு நேரே பறக்கும்.

2. இடம்

மரங்களில் இருந்து தள்ளி, திறந்த வெளியில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். வாசல் கிழக்கைப் பார்த்தால் மதிய வெயில் நேராக உள்ளே அடிக்காது. இரண்டாவது பெட்டி வைக்க ஆசையா? 300 அடியாவது தள்ளி வையுங்கள். பக்கத்தில் இன்னொரு ப்ளூபேர்ட் ஜோடி வந்தால் இவை விடாது.

3. கம்பமும் தடுப்பும்

முதல் வருடம் பெட்டியை வேலிக்கால் மரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். நான்கு முட்டை, நான்கும் பொரிந்தன. எட்டாம் நாள் காலை திறந்தால் கூடு காலி. ஒரு புல்கூடக் கலையவில்லை. குஞ்சுகள் மட்டும் இல்லை. கூடு கலையாமல் எல்லாமே காணாமல் போனால் பெரும்பாலும் பாம்புதான். ராக்கூன் என்ற மரமேறும் விலங்கு என்றால் கூட்டைப் பிய்த்து வெளியே இழுத்திருக்கும். இங்கே ராட் ஸ்நேக் அதிகம். நம் ஊர்ச் சாரை போல நீளமாக, விஷமில்லாமல் இருக்கும். மரத்திலும் வேலியிலும் சாதாரணமாக ஏறும். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது பசிக்குத் தின்றது. ஏணி வைத்துக் கொடுத்தது நான். அன்று வேலைக்குப் போகவே மனம் வரவில்லை.

ஆகவே வேலி, மரம் இரண்டும் வேண்டாம். அரை அங்குல இரும்புக் கம்பி (கான்கிரீட்டுக்குப் போடுவது) நான்கடி வாங்கி, இரண்டடியைத் தரைக்குள் அடியுங்கள். அதன் மேல் முக்கால் அங்குல கான்ட்யூட் குழாயை (மின்வயருக்குப் போடும் உலோகக் குழாய்) செருகிப் பெட்டியை மாட்டுங்கள். இது சுலபம்.

அடுத்தது பேஃபிள் என்கிற தடுப்பு. 8 அங்குல விட்டமுள்ள அடுப்புப் புகைக்குழாய்த் தகரம், குறைந்தது இரண்டடி நீளம். எங்கள் பகுதியில் பாம்பு அதிகம் என்பதால் நான் மூன்றடி போட்டேன். இதைக் கம்பத்தைச் சுற்றி, பெட்டிக்குச் சற்றுக் கீழே தொங்கவிட வேண்டும். கடையில் விற்கும் கூம்பு வடிவத் தடுப்பை விட இதையே நம்புகிறேன். தகரத்தை வெட்டும்போது தடித்த கையுறை கட்டாயம்.

நான் சறுக்கியது தடுப்புக் குழாயின் மேல்வாயில். அதை அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் மூடவேண்டும். பாம்பு கம்பத்தோடு குழாய்க்குள் ஏறிவந்து, வலையில் முட்டித் திரும்பும். நான் வலையின் நடுவில் கம்பம் நுழைய வெட்டிய ஓட்டை இரண்டு அங்குலம் அகலம். கம்பம் சுலபமாக நுழையட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் வருட முட்டைகள் ஐந்தும் அந்த இடைவெளி வழியாகத்தான் போயின. ஆகவே வலையில் ஓட்டை வெட்டாதீர்கள். நடுவில் கூட்டல் குறி போல இரண்டு கீறல் மட்டும் போட்டு, கம்பத்தை இறுக்கமாக நுழையுங்கள். முனைகள் கம்பத்தைக் கவ்விப் பிடிக்கும். வலைக்கு அடியில் கம்பத்தில் ஒரு ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோக வளையம்) மாட்டினால் தடுப்பு கீழே இறங்காது. தொட்டால் லேசாக ஆடவேண்டும், அதுதான் சரி. வலைக்கும் கம்பத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள்: சுண்டுவிரல் நுழைந்தால் மறுபடி கட்டுங்கள்.

4. சிட்டுக்குருவி

இதை எழுத மனசு கனக்கிறது. ஊரில் சிட்டுக்குருவி குறைகிறதே என்று உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 அன்று அதற்குக் கூடு மாட்டுகிறோம். 1850-களின் தொடக்கத்தில் அதே குருவியை நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே அது 1½ அங்குலத் துளையில் நுழைந்து, அடைகாக்கும் ப்ளூபேர்டைத் தலையில் கொத்திக் கொன்றுவிடும். அதனால் தரையில் உடைத்த சோளம், சிறுதானியம் இறைக்காதீர்கள். அதற்குத்தான் கூட்டமாக வரும். இறகு, காகிதம், குப்பை எல்லாம் திணித்த தாறுமாறான கூடு என்றால் குருவியுடையது. முட்டையிடும் முன்பே எடுத்துவிடலாம். ஆனால் நன்றாக அடையாளம் பார்த்துவிட்டு எடுங்கள். பாசி பரப்பிய கூடு சிக்கடி என்ற சிறு பறவையுடையது, சுள்ளி நிறைந்தது ரென் என்ற சிறு பறவையுடையது. இந்த ஊர்ப் பறவைகளின் முட்டையையோ குஞ்சிருக்கும் கூட்டையோ கலைப்பது 1918-இன் வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம். ப்ளூபேர்டின் கூடு நேர்த்தியான கிண்ணம், முழுக்கப் புல்லும் பைன் ஊசியிலையும்தான்.

5. பார்வையிடுவது

வாரம் ஒருமுறை, லேசாகத் தட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். கை பட்டால் தாய் கைவிட்டுவிடும் என்பது வெறும் பயம். குஞ்சு பொரிந்து 12, 13 நாள் ஆனபின் மட்டும் திறக்கக் கூடாது. பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும்.

பின்னர் சேர்த்தது: "மூன்று முட்டை இட்டும் தாய் உட்காரவில்லையே" என்று இருவர் கேட்டிருந்தார்கள். கவலை வேண்டாம். நாளுக்கு ஒன்றாக நான்கைந்து இட்டு, பெரும்பாலும் கடைசி முட்டைக்குப் பிறகுதான் அடைகாக்கத் தொடங்கும். அதன்பின் ஏறக்குறைய இரண்டு வாரம்.

இன்னொன்று: புழு வாங்கிப் போடலாமா என்றால், மீல்வேர்ம் கொஞ்சம் போடலாம், அதையே நாள் முழுக்கப் போடாதீர்கள். அதில் கால்சியம் குறைவு. நான் கோழிமுட்டை ஓட்டை அடுப்பில் சூடாக்கிப் பொடித்துப் பக்கத்தில் வைக்கிறேன். அதைவிட, புல்வெளிக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளியும் கம்பளிப்புழுவும்தான் சாப்பாடு.

பொரிந்து பதினெட்டு நாள் வாக்கில் குஞ்சுகள் பறந்துபோகும். உடனே பழைய கூட்டை எடுத்து, பெட்டியைத் துடைத்து மூடிவையுங்கள். எங்கள் ஜோடி இரண்டே வாரத்தில் அடுத்த கூட்டைத் தொடங்கிவிட்டது.