பாலிஷ் போகாத இடத்தைப் பாருங்கள்: பழைய வண்டிக்கு வெளி வார்ப்பு வாங்கும்போது

காஸ்ட் அயர்ன் புல்லட், ஆர்எக்ஸ் 100, யெஸ்டி பைக்குகளுக்கு ஒரிஜினல் பிளாக்கோ (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்) கேஸோ (இன்ஜினின் அடிக்கூடு) கிடைத்தால் அது பெரும்பாலும் யாரோ எடுத்து வைத்த பழைய ஸ்டாக். மற்றதெல்லாம் கம்பெனிக்கு வெளியே வேறு பட்டறைகளில் வார்த்தது. அதில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. பெட்டியும் பெயின்ட்டும் மட்டும் ஒன்றுபோல இருக்கும். கடைக்காரர் திருப்பிக் காட்டுகிற பக்கம் எப்போதும் பளபளப்புதான். நீங்கள் பார்க்க வேண்டியது பஃபிங்கும் பெயின்ட்டும் எட்டாத இடம்: பிளாக்கின் அடி விளிம்பு, ஃபின்களின் (சூடு ஆற்றும் தகடுகள்) வேர், போல்ட் துளையின் உட்புறம், கவரின் உள்முகம்.

காந்தம், மெல்லிய அரம், தையல் ஊசி, டார்ச், ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்), கொஞ்சம் தின்னர், பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று. இவ்வளவும் ஒரு துணிப்பையில் அடங்கும். அரம் போட்டுப் பார்க்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். லேத்தில் போரிங் போட்ட (பிளாக்கின் உள்துளையைக் கடைந்த) பிறகு எந்தக் கடையும் திரும்ப எடுக்காது, ஆகவே சோதனையெல்லாம் பில் போடுவதற்கு முன்புதான்.

புல்லட் 350-இன் இரும்பு பிளாக்கில் ஆரம்பிப்போம், ஏமாறுவது அதில்தான் அதிகம். பாத்திரக் கடையில் குடத்தைச் சுண்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். சணல் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டுங்கள். வார்ப்பிரும்பு வெண்கலம் மாதிரி நீளமாக ரீங்கரிக்காது. ஆனால் ‘டங்’ என்று தெளிவாகக் கேட்கும். ‘டொக்’ என்று அமுங்கினால் எங்கோ விரிசல். எல்லாப் பக்கமும் தட்டுங்கள், ஒரு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்து அரம். அடி விளிம்பின் ஓரத்தில் இரண்டே இழுப்பு. நல்ல வார்ப்பிரும்பு கருஞ்சாம்பல் பொடியாக உதிரும். விரலில் எடுத்துத் தேய்த்தால் பென்சில் கரி மாதிரி ஒட்டும். அது உள்ளே இருக்கிற கிராஃபைட். பிஸ்டன் ரிங் தேயாமல் ஓட உதவுவதும் அதுதான். அரம் கடிக்காமல் வழுக்கினால், உருகிய இரும்பு மணல் அச்சில் சட்டென்று குளிர்ந்து இறுகிவிட்டது என்று அர்த்தம். மெல்லிய ஃபின் நுனியில் மட்டும் அப்படி இருந்தால் விட்டுவிடலாம். அடி விளிம்பிலோ போரிலோ (பிஸ்டன் ஓடுகிற உள்துளை) இருந்தால் வேண்டாம். லேத்தில் டூல் முனை மழுங்கும், போர் ஒழுங்காக வராது. உடைந்த ஃபின் துண்டு ஏதாவது கடையில் கிடந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள்: மங்கலான சாம்பல் நல்லது, வெள்ளி மாதிரி மின்னினால் இறுகிய இரும்பு.

போருக்குள் டார்ச் அடித்து ஊசி முனையால் மெதுவாகத் தடவுங்கள். வார்க்கும்போது சிக்கிய வாயு விட்ட குழிகள் கண்ணுக்குத் தப்பினாலும் ஊசிக்குத் தப்பாது. ரிங் ஓடுகிற உயரத்தில் ஒரு குழி இருந்தாலும் பிளாக்கைத் திருப்பிக் கொடுங்கள். குழியைப் புட்டி வைத்து மூடியிருப்பதும் உண்டு: நிறம் கொஞ்சம் வேறுபடும், காந்தம் அந்தப் புள்ளியில் தளர்வாகப் பிடிக்கும், தின்னர் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்தால் சில புட்டி இளகும். புஷ்ராடு (வால்வைத் திறக்க உதவும் கம்பி) போகிற குழலுக்குள் அடியிலிருந்து டார்ச் அடியுங்கள். அச்சுக்குள் வைத்த மணல் கோர் நகர்ந்திருந்தால் குழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். புஷ்ராடை உள்ளே விட்டால் எங்கும் உரசக் கூடாது.

அளவு எடுப்பதற்கு லேத் பட்டறையில் போர் கேஜ் வேண்டும். ஸ்டாண்டர்டு போர் 70 மி.மீ. மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில், மொத்தம் ஆறு அளவு. அவற்றுக்குள் வித்தியாசம் 0.02 மி.மீ. தாண்டினால் அப்படியே மாட்டக் கூடாது. சித்திரை வெயிலில் கடை வாசலில் கிடந்த பிளாக்கை உடனே அளக்காதீர்கள். 20 டிகிரி சூடு கூடினால் இந்தப் போர் ஏறக்குறைய 0.015 மி.மீ. விரியும், உங்கள் கணக்கே புரண்டுவிடும். பிளாக்கும் கேஜும் ஒரு மணி நேரம் ஒரே நிழலில் இருக்கட்டும். போர் முடிக்காத பிளாக் கிடைத்தால் அதுவே மேல்: பிஸ்டனைக் கையில் கொடுத்து, பிஸ்டன் பெட்டியில் போட்டிருக்கும் இடைவெளிக்கு லேத்காரரைப் போடச் சொல்லலாம்.

ஆர்எக்ஸ் 100 பிளாக் வேறு ஜாதி. அலுமினியத்துக்குள் இரும்பு ஸ்லீவ் (உள்குழல்). போர் 50 மி.மீ. ஸ்லீவில் வெட்டிய போர்ட் (வாயு போய்வருகிற) சன்னலும் அலுமினியத்தில் இருக்கிற வழியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் படி மாதிரி நிற்பதுதான் வழக்கமான கோளாறு. இழுவை அங்கேயே செத்துவிடும். போர்ட் விளிம்பை விரலால் தடவுங்கள். கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். விளிம்பை லேசாகச் சாய்த்துத் தேய்த்த பிறகே மாட்ட வேண்டும்.

பிளாக்கின் மேலே மூடுகிற அலுமினிய ஹெட்டில் பழைய பிளக்கைக் கையாலேயே கடைசி மரை வரை இறக்குங்கள். ஆடினால் மரை தளர்வு, பாதியில் இறுகினால் மரை கோணல். வால்வு மாட்டிய புல்லட் ஹெட் என்றால் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். வால்வு ஓரத்தில் வழிந்தால் சீட் வேலை பாக்கி. 10 மி.மீ. கண்ணாடித் துண்டின் மேல் ஹெட்டைக் கவிழ்த்து, 0.05 மி.மீ. ஃபீலர் எங்கேயாவது நுழைகிறதா என்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கிராங்க் கேஸில் பேரிங் அறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேஸைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடேற்றினால்தான் பேரிங் இறங்க வேண்டும். குளிர்ந்த கேஸில் கையாலேயே விழுந்தால் அறை பெரிசு, வண்டி ஓட ஓட பேரிங்கின் வெளிவளையமே சுற்ற ஆரம்பிக்கும். எண்ணெய் ஒழுகுமா என்று பார்க்க: வெளிப்பக்கம் சாக்பீஸைக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள், உள்ளே டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் வெள்ளையில் கறை தெரிந்த இடம்தான் ஓட்டை. மாட்டுவதற்கு முன் எண்ணெய் வழிகளில் கம்பி விட்டு, டீசலால் கழுவி, காற்றடிக்க வேண்டும். வார்ப்பு மணல் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தாலும் ஆயில் பம்ப் அதை நேரே பேரிங்குக்குக் கொண்டுபோகும்.

கிளட்ச், பிரேக் லீவர்களைக் கையில் தூக்கிப் பார்த்தாலே போதும். துத்தநாகக் கலவையில் வார்த்த மட்டமான லீவர் அலுமினிய லீவரைப் போல இரண்டரை மடங்கு கனம். வண்டி சாய்ந்தால் வளையாது, ஒடியும். பிரேக் டிரம்மில் இரும்பு லைனரைத் தட்டிப் பாருங்கள், ‘கடகட’ என்றால் ஹப்பில் பிடிப்பில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்தால் பஸ் ஸ்டாண்டிலோ பார்சல் ஆபீஸிலோ கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியைப் பிரித்து ஃபின்களை எண்ணுங்கள். உடைந்திருந்தால் அங்கேயே, ரசீது கண்ணில் படும்படி, போட்டோ எடுத்து அனுப்பியவருக்குப் போடுங்கள்.