மார்க்கர் காட்டுவது பக்கத்து வீட்டை: மலர் ரகத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாக்டீரியா வாடல் நோய் புகுந்த கார்னேஷன் மலர்ப் பாத்தியில் செடிகள் அடுத்தடுத்துச் சாயும். சாகுபடி ரகங்களில் போதிய எதிர்ப்பு இல்லாததால், ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதை டயாந்தஸ் கேபிடேட்டஸ் என்ற காட்டினத்திலிருந்து கொண்டுவந்தார்கள். வேண்டிய மரபணுவை அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டான மார்க்கரை வைத்து நாற்றுகளைத் தேர்ந்து 'கேரன் ரூஜ்' ரகத்தை உருவாக்கினார்கள். கிருமியைச் செலுத்திக் காத்திருந்து அறிய வேண்டியதை ஒரு துண்டு இளஇலை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இந்த வேகம்தான் பலரை ஏமாற்றுகிறது. மார்க்கரையே மரபணு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மரபணுவின் பக்கத்து வீடு மட்டுமே. இரண்டுக்கும் 5 சென்டிமார்கன் (குரோமோசோமில் மரபணுத் தூரத்தை அளக்கும் அலகு) இடைவெளி இருந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்கு 5 என்ற அளவில் அவை பிரிந்துபோகும். 4 தலைமுறை அந்த ஒரே மார்க்கரை நம்பிக் கலப்பு செய்தால், கடைசியில் 'எதிர்ப்பு உண்டு' என்று காட்டும் செடிகளில் சுமார் 19 சதவீதம் மரபணு இல்லாத வெறும் கூடுதான். மரபணுவின் இருபுறமும் ஒவ்வொரு மார்க்கர் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் செடிகளை நோய்ச் சோதனைக்கும் உட்படுத்துங்கள். கலப்பில் புது ரகம் ஒன்றைச் சேர்க்கும்போதும் கவனம் வேண்டும்: எதிர்ப்பே இல்லாத அந்த ரகத்திலும் அதே பட்டை (மார்க்கர் இருப்பதைச் சோதனையில் காட்டும் கோடு) தெரிந்தால், அந்தக் கலப்புக்கு மார்க்கர் உதவாது.

காட்டினத்து மரபணுவோடு சிறிய பூ, மெலிந்த தண்டு போன்றவையும் ஒட்டிக்கொண்டு வரலாம். எதிர்ப்பு மார்க்கர் இவற்றைக் காட்டாது. பூத்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

சாமந்தியில் பொதுவாக 6 தொகுதி குரோமோசோம்கள், வெட்டுமலர் ரோஜாவில் பெரும்பாலும் 4. அங்கே 'இருக்கிறது, இல்லை' என்ற கணக்கு போதாது. மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. முற்றிய ரோஜா இலையை அரைத்தால் டிஎன்ஏ பழுப்பேறி, பிசின் போலக் குழகுழவென்று வரும். டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் சோதனை ஓடாது, பட்டை விழாது. அதை 'மரபணு இல்லை' என்று படித்து நல்ல நாற்றைக் குப்பைக்குழியில் போட்டுவிடுகிறார்கள். இளந்தளிரைப் பறியுங்கள். எல்லா மாதிரியிலும் வந்தே தீர வேண்டிய இன்னொரு பட்டையையும் சேர்த்து ஓட்டுங்கள். அதுவும் வரவில்லையென்றால் செடியைப் பிடுங்காதீர்கள். வேறு தளிர் எடுத்து மறுபடி பாருங்கள்.