மாஸ் ஸ்பெக்குக்குப் புரதம் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள், நாங்கள் பழகிய காலத்தில் செய்த பிழைகளையே திரும்பவும் செய்கிறார்கள். கையுறை போடு, டியூபில் பெயர் எழுது, ஐஸில் வை என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சாம்பிள் மாஸ் ஸ்பெக் என்ற, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவிக்குள் போன பிறகே வெளிப்படும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிடர்ஜென்ட்

இன்றும் எனக்கு எரிச்சல் வரவழைப்பது இதுதான்.

செல்லை உடைக்க டிரைட்டன் எக்ஸ்-100, பீடு (புரதத்தைப் பிடிக்கும் நுண்மணிகள்) கழுவ ட்வீன் 20, இரண்டுமே டிடர்ஜென்ட். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் முறை) இதில் ஒரு குறையும் இல்லை. அதே சாம்பிளில், புரதத்தைப் பெப்டைடு துண்டுகளாக வெட்டும் டிரிப்சின் நொதியைப் போட்டுவிட்டு, "சி18 டிப்பில் க்ளீன் பண்ணிட்டேன் சார்" என்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். சி18 என்பது பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அடைத்த டிப். அது உப்பைக் கழுவிவிடும், யூரியாவைக் கழுவிவிடும். டிரைட்டனிடம் அது எடுபடாது. டிரைட்டனும் பெப்டைடு போலவே அதில் ஒட்டும். அசிட்டோநைட்ரைல் விட்டதும் பெப்டைடோடு சேர்ந்தே இறங்கும்.

ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தால் 44 டால்டன் இடைவெளியில் சீப்புப் பல் போல பீக்குகள் நிற்கும். எத்திலீன் ஆக்சைடு அலகு ஒன்றின் நிறை அது. இவை வெகு சுலபமாக அயனியாகிவிடுவதால் பெப்டைடு சிக்னல் அமுங்கிப்போகிறது. சேதம் அந்த ஒரு சாம்பிளோடு நிற்பதும் இல்லை. பெப்டைடுகளைப் பிரிக்கும் குழாயில் (column) தங்கி, அடுத்து ஓட்டுகிறவரின் டேட்டாவிலும் வரும். எத்தனை பிளாங்க் (சாம்பிள் இல்லாத ஓட்டம்) ஓட்டினாலும் போகாமல், அந்தக் குழாயையே மாற்ற வேண்டிவந்ததும் உண்டு.

ஒரு மாணவி டிடர்ஜென்டே இல்லாத பஃபரில் திசுவை அரைத்து, ஜெல் ஓட்டி, பேண்டை வெட்டிக் கொண்டுவந்தார். வேலை அவ்வளவு சுத்தம். ஆனாலும் அதே 44. கூடவே புரதப் பட்டியலில் மாட்டுப் பாலின் கேசீன். விசாரித்தால், ஜெல்லுக்குக் கூமாசி சாயம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில்தான் முந்தைய வாரம் யாரோ வெஸ்டர்ன் மெம்பரேனைப் பால் பவுடரில் பிளாக் செய்து, ட்வீன் கலந்த பஃபரில் கழுவியிருக்கிறார்கள். திரும்பச் செய்ய அவரிடம் திசு மிச்சம் இல்லை.

மாஸ் ஸ்பெக்குக்கென்று ஒரு டப்பாவைத் தனியாக எடுத்து, வெஸ்டர்ன் பக்கம் போகாமல் பூட்டி வையுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் சோப்பே படக்கூடாது. பீடுகளைக் கடைசி இரண்டு மூன்று முறை டிடர்ஜென்ட் இல்லாத 50 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட்டில் கழுவுங்கள். இடையில் டியூபையும் மாற்றுங்கள், சுவரில் ஒட்டியதும் கூடவே வரும். டிடர்ஜென்ட் இல்லாமல் முடியாது என்றால் டிஆக்சிகோலேட் நல்லது. அமிலம் விட்டதும் வீழ்படிவாகும், சுழற்றி எடுத்துவிடலாம். டிரைட்டன் ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? டிரிப்சினுக்கு முன்பே எஸ்பி3 (புரதத்தைக் காந்த பீடில் பிடித்துக் கழுவும் முறை) செய்யுங்கள், அல்லது ஜெல்லில் ஒரு சென்டிமீட்டர் ஓட்டி வெட்டுங்கள். என்ன போட்டீர்கள் என்பதைக் கருவி ஓட்டுகிறவரிடம் மறைக்காதீர்கள்.

யூரியாவைச் சூடாக்குவது

ஜெல் துண்டுக்கான புரோட்டோகாலில் டிடிடியோடு (புரதத்தின் டைசல்ஃபைடு பிணைப்பை உடைப்பது) 56 டிகிரி என்று இருக்கும். அதை அப்படியே 8 மோலார் யூரியா கரைசலுக்கும் செய்துவிடுகிறார்கள். சூட்டில் யூரியாவிலிருந்து ஐசோசயனேட் உருவாகி, லைசின் என்ற அமினோ அமிலத்திலும் புரதத்தின் அமினோ முனையிலும் ஏறிக்கொள்ளும். நிறை 43 டால்டன் கூடும். அந்த லைசினில் டிரிப்சின் வெட்டாது. யூரியாவை அன்றன்று கரையுங்கள், 37 டிகிரியைத் தாண்டாதீர்கள். டிரிப்சின் போடும் முன் 2 மோலாருக்குக் கீழே நீர்க்கச் செய்யுங்கள்.

சில்வர் ஸ்டெயினில் (ஜெல்லுக்கான வெள்ளிச் சாயம்) குளுட்டரால்டிஹைடு

வேண்டாம். லைசின்களைப் பிணைத்துவிடும்.

அயோடோஅசிட்டமைடு

சிஸ்டைன்கள் மீண்டும் இணையாமல் மூட இதைப் போடுவோம். அன்றே கரைத்தது, இருட்டில் 30 நிமிடம்.

கெரட்டின்

தோலிலும் முடியிலும் இருக்கும் புரதம். கொஞ்சம் வரத்தான் செய்யும், பதற வேண்டாம். ஜெல்லை ஹூட்டுக்குள் புது பிளேடால் வெட்டுங்கள், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கம்பளி ஸ்வெட்டரோடு உட்காராதீர்கள்: ஆட்டின் கெரட்டினும் கெரட்டின்தான். மனிதப் புரதங்களை மட்டும் வைத்துத் தேடினால் அது சரியாகப் பிடிபடாது. தேடலில் கலப்படப் புரதப் பட்டியலைச் சேர்த்தே ஓட்டுங்கள்.

அமிலம் போதாமல் சி18இல் ஏற்றுவது

டிரிப்சின் வெட்டி முடிந்ததும் கணக்குப்படி டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) விட்டாயிற்று என்று நம்பி ஏற்றிவிடுகிறார்கள். பைகார்பனேட் பாதி அமிலத்தைக் குடித்திருக்கும். பெப்டைடு டிப்பில் சரியாகத் தங்காமல் ஒழுகிப்போகும். நுரை அடங்கிய பிறகு ஒரு மைக்ரோலிட்டரை பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். 3க்கு மேல் காட்டினால் இன்னும் விட வேண்டும்.