11 லட்சத்துக்கு ஜெர்மன் கார்: 23 வயதில் செய்யக் கூடாத தவறுகள்

அண்ணன் மகனுக்கு 23 வயது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கறுப்பு பிஎம்டபிள்யூ 320டி, 2014 மாடல், டெல்லி நம்பர். கோயம்புத்தூரில் ஒரு கார் கன்சல்டிங்கில் நிற்கிறதாம்.

"சித்தப்பா, பதினொன்றரை சொல்றாங்க. பேசினா பதினொண்ணுக்கு முடிச்சிடலாம். புது ஸ்விஃப்ட் டாப் மாடல் எடுக்கிற காசுதானே?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் தவறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கார் பழசாகும்போது அதன் விலை இறங்குகிறது. அதன் பாகங்களின் விலை இறங்குவதில்லை. புதிதாக வாங்கியபோது 40 லட்சத்துக்கு மேல் இருந்த வண்டி இன்று 11 லட்சத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் ஹெட்லைட் 11 லட்ச ரூபாய்க் காரின் ஹெட்லைட் அல்ல. பைக்காரன் ஒருவன் வந்து இடித்து உடைத்துவிட்டால், முழு யூனிட்டாக மாற்ற லட்சத்தைத் தொடும் பில் வரும். இந்த வண்டிகள் பலவற்றில் ரன்ஃப்ளாட் டயர் இருக்கும். காற்று முழுதும் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டிவிடலாம். அதை நம்பி ஸ்டெப்னியே கொடுக்க மாட்டார்கள். நல்ல வசதிதான். ஆனால் ஒரு டயர் இருபதாயிரத்தைத் தாண்டும். தேனி பக்கமோ சிவகங்கை பக்கமோ பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் கிழிந்தால், அந்த அளவு டயர் அங்கே எந்தக் கடையிலும் இருக்காது. மதுரைக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

"இவ்வளவு ரூபாய்க்கு வாங்கலாமா" என்று கணக்குப் போடுவதைவிட, "40 லட்ச ரூபாய்க் காரைப் பராமரிக்க என்னால் முடியுமா" என்று கணக்குப் போடுவது சரி. என் கைக்கணக்கு இது: வாங்கியபிறகு கையில் குறைந்தது இரண்டு, மூன்று லட்சம் தொடாத பணமாக நிற்க வேண்டும். மாதத் தவணையும் கட்டி, அந்தப் பணத்தையும் வைக்க முடியாது என்றால் வண்டி உங்களுக்குப் பெரிசு. பழைய காருக்குக் கடன் வாங்கினால் வட்டி புதுக் கார் கடனைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எந்தத் தலைமுறை என்று பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே 3 சீரிஸ்தான். ஆனால் 2007-லிருந்து சில வருஷங்கள் வந்த இரண்டு லிட்டர் டீசலான என்47 எஞ்சினில் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவும் சங்கிலி) தகராறு கார்க்காரர்கள் மத்தியில் பிரசித்தம். செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. சத்தம் கேட்க ஆரம்பித்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்கித்தான் மாற்ற வேண்டும். செயின் அறுந்தால் எஞ்சினே காலி. பிறகு வந்த எஞ்சினுக்கு இந்தப் பேச்சு குறைவு. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கார்களில் ஒன்று ஐம்பதாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்றால், காரணம் பானட்டுக்கு அடியில் இருக்கலாம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வைத்த பெரிய செடான்களும் இப்படித்தான். காலையில் பார்த்தால் ஒரு பக்கம் படுத்துக் கிடக்கும்.

டெல்லி நம்பர்

வடக்கிலிருந்து ஏன் இவ்வளவு சொகுசுக் கார்கள் இங்கே இறங்குகின்றன? டெல்லியில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. அதற்கப்புறம் உத்தரவுகள் தளர்ந்தும் மாறியும் வந்தாலும், பத்து வயதை நெருங்கும் அல்லது தாண்டிய டீசல் காரை அங்கே யாரும் நல்ல விலைக்கு எடுப்பதில்லை. அதனால் தெற்கே வருகிறது.

வருவதில் தப்பில்லை. விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் விட்டுவிடும் கணக்குதான் பிரச்சினை. டெல்லி ஆர்டிஓ-விலிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வேண்டும். வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியே ஆக வேண்டும். அப்போது ஆயுள் வரி கட்ட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நீங்கள் கொடுத்த 11 லட்சத்தை வைத்து வரி போட மாட்டார்கள். வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்துத்தான் கணக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி உயர்ந்தபிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்ப இது குறையும், ஆனாலும் லட்சக்கணக்கில்தான் வரும். ஏற்கெனவே அந்த மாநிலத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்ப வாங்குவது தனி அலைச்சல். "டாக்ஸ் எல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்று புரோக்கர் சொன்னால், பார்க்கப் போவது நீங்கள்தான்.

சத்தமில்லாத வேகம்

பணத்தைவிட எனக்குப் பயம் தருவது இதுதான்.

அண்ணன் மகன் இதுவரை ஓட்டியது வீட்டு ஸ்விஃப்ட். பெட்ரோல் வண்டி, பூஜ்யத்திலிருந்து 100-ஐத் தொட 12, 13 விநாடி ஆகும். 320டி ஏறக்குறைய 7 விநாடியில் தொட்டுவிடும். டார்க், அதாவது இழுவை, மூன்று மடங்குக்கு மேல். ஆனால் ஆபத்து பிக்கப்பில் மட்டும் இல்லை. ஸ்விஃப்டில் 110 போனால் காற்றுச் சத்தம், டயர்ச் சத்தம், ஸ்டியரிங் நடுக்கம் எல்லாம் சேர்ந்து "போதும்டா" என்று சொல்லும். ஜெர்மன் செடான் அப்படி எதுவும் சொல்லாது. 120-ல் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம்; மனசுக்குள் 80 மாதிரிதான் இருக்கும். பல வருஷம் ஓட்டியவர்களுக்குக் கண் அடிக்கடி மீட்டருக்குப் போகும் பழக்கம் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் காதையும் உடம்பையும் நம்பி ஓட்டுகிறார்கள். இந்தக் கார் அந்த இரண்டையும் ஏமாற்றுகிறது.

கணக்காகச் சொல்கிறேன். காய்ந்த ரோடு, நல்ல டயர். 60-ல் போகும்போது எதிரே ஒன்றைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்தால் அதற்குள் 17 மீட்டர் போயிருப்பீர்கள். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 18 மீட்டர். மொத்தம் 35. அதே 120-ல் கால் போவதற்குள்ளேயே 33 மீட்டர், நிற்க இன்னும் 70 மீட்டர். நூறைத் தாண்டிவிட்டது. வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் மூன்று மடங்கு. சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி எல்லாம் வண்டியை நேராக வைத்திருக்கும், கணக்கை மாற்றாது. நம் பைபாஸில் நடுவே கிடைக்கிற இடைவெளியில் புல்லுக்கட்டோடு டிவிஎஸ் 50 குறுக்கே வரும். ராங் சைடில் லைட் இல்லாத டிராக்டர் வரும். ஆட்டோபான் எனும் ஜெர்மன் அதிவேகச் சாலையை மனதில் வைத்துச் செய்த கார் என்பதை அந்த டிராக்டர்காரரிடம் யாரும் சொல்லவில்லை.

"அதான் சித்தப்பா, இது சேஃப்டி வண்டி" என்றான். ஒத்துக்கொள்கிறேன். உடல் உறுதி, ஏர்பேக், பிரேக் எல்லாவற்றிலும் அந்தக் காலத்துச் சின்னக் காரைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 2022 செப்டம்பரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தது மெர்சிடஸ் ஜிஎல்சி-யில். பின் சீட்டில் இருந்த அவரும் பக்கத்தில் இருந்தவரும் பெல்ட் போடவில்லை. காருக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் பின்னால் உட்காரும் மூன்று நண்பர்களில் எத்தனை பேர் பெல்ட் போடுகிறார்கள்?

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஆசைக்கு ஒரு தடை உண்டு. பிரிட்டனில் கார்களை இன்ஷூரன்ஸுக்காகப் பல பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் வயதும் சேரும். 21 வயதுப் பையன் மேல் பிரிவில் உள்ள காருக்கு விலை கேட்டால், பிரீமியத்தைப் பார்த்தே திரும்பிவிடுவான். நம் ஊரில் பிரீமியம் பொதுவாக வண்டியின் மதிப்பு, சிசி, வயது, பதிவான ஊர் ஆகியவற்றைப் பார்த்துத்தான். ஓட்டுவது 19 வயதா 49 வயதா என்று பெரிதாகக் கேட்பதில்லை. அதனால் இங்கே தடுக்க யாரும் இல்லை. வீட்டில் ஒருவர்தான் தடுக்க வேண்டும்.

18 நிரம்பாத பையனிடம் சாவி கொடுப்பதைப் பற்றி ஒரே ஒரு பத்தி போதும். 2019-ல் வந்த சட்டத் திருத்தப்படி, ஓட்டியது சிறுவன் என்றால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் போர்ஷே ஓட்டி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

தண்ணீர் குடித்த வண்டி

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ நல்ல கார்கள் பேஸ்மெண்ட்டில் மூழ்கின. அப்படி மூழ்கியவை ஏலத்தில் போய், துடைத்து, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் விற்பனைக்கு வருவது உண்டு. சாதாரணக் கார் என்றால் சேதம் கொஞ்சம் குறையலாம். இவற்றில் சீட்டுக்கு அடியிலும் கார்பெட்டுக்கு அடியிலும் மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் பச்சை பூத்துக் கெட்டுப்போகும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டிக்கியின் அடித்தட்டில் மண், ஏசி போட்டதும் ஈர வாடை. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நீங்கள் வாங்கியபிறகு மூழ்கினாலும் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்தால், உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ஃபுல் கவர் இருக்கிறது என்று நினைப்போம். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் ஒழிய, பெரும்பாலும் அந்த பில் நம் தலையில்தான். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர் பாலிசியும் வண்டிக்கு ஐந்து வயது தாண்டினால் பல கம்பெனிகளில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை கழித்துவிடுவார்கள். அந்தக் கறுப்புக் காரின் பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக்.

இன்னொன்று. ஆர்.சி.யைப் பேர் மாற்றிவிட்டு இன்ஷூரன்ஸைப் பழைய ஓனர் பேரிலேயே விட்டுவிடுகிறார்கள். 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு நீங்கள் கேட்க முடியாது. கிளெய்ம் கேட்காததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் வண்டியோடு வராது. அது ஆளுக்கு உரியது.

அப்படியென்றால் இளைஞர்களுக்கு இந்தக் காரே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் வேறு வண்டியில் மழை, இரவு, மலை என்று ஓட்டிப் பழகியவர், வீட்டில் இன்னொரு கார் இருக்கிறவர், ஊரில் நம்பகமான மெக்கானிக் இருக்கிறவர் எடுக்கட்டும். அந்த ஓட்டத்தில் ஒரு சுகம் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. முதல் கார் என்றால் ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் மாதிரி ஒன்றரை லிட்டர் டர்போ செடான் பார்க்கலாம். 150 குதிரை சக்தி. அதுவே 23 வயதுக்குத் தாராளம். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. வீட்டில் பாட்டி இருந்தால் அவரை ஒருமுறை பின் சீட்டில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த செடானிலிருந்து முழங்கால் வலிக்காரர்கள் எழுவது லேசில்லை. கிராமத்து ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுவது தனிக் கதை.

சரி, கறுப்புக் காருக்கு வருகிறேன். அவன் சனிக்கிழமை ரயிலில் வந்துவிட்டான். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனோம். கன்சல்டிங்காரர் நல்ல மனிதர், காபி எல்லாம் கொடுத்தார். மீட்டரில் 74,000 கிலோமீட்டர். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி, டாஷ்போர்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் பதிவைப் படித்தார். ஒன்றில் 1,38,000 என்று இருந்தது. அவர் எதுவும் பேசாமல் ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பினார்.

திரும்பும் வழியெல்லாம் அண்ணன் மகன் வாயைத் திறக்கவில்லை. அவிநாசி ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினபோது போனை நீட்டினான்.

"சித்தப்பா, ஸ்கோடா சூப்பர்ப் ஒண்ணு, கேரளா நம்பர். பெட்ரோல்தான். பார்க்கலாமா?"

முதலில் ஆர்.சி. போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.