தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காலேஜ் படிச்சுக்கிட்டே பார்ட் டைம் வேலை: மொதல்ல கடைசி பஸ்ஸ பாருங்க

பார்ட் டைம் வேலை எங்கண்ணா கிடைக்கும்னு கேக்குற தம்பி தங்கச்சிங்க எல்லார்கிட்டயும் நான் திருப்பி கேக்குற மொத கேள்வி, உங்க ஊருக்கு கடைசி பஸ் எத்தன மணிக்கு?

சிரிக்காதீங்க. பெங்களூருல இருக்குறவன் நைட்டு 11 மணிக்கு வேலை முடிஞ்சாலும் எப்படியாவது ரூமுக்கு போயிடுவான். நம்ம கதை வேற, பென்னாகரம் தாண்டி உள்ள இருக்கு ஊரு, இல்ல வேப்பனப்பள்ளி பக்கம், அஞ்செட்டி பக்கம், அரூர்ல இறங்கி இன்னொரு டவுன் பஸ் மாறணும், அந்த டவுன் பஸ்ஸ விட்டா அவ்ளோதான். நான் தர்மபுரில பிகாம் படிச்சேன், வீடு காரிமங்கலத்துல இருந்து உள்ள 5 கிலோமீட்டர். மொத வருஷம் தீபாவளிக்கு முன்னாடி ஒரு துணிக்கடைல சாயங்காலம் 4 மணில இருந்து 8 மணி வரைக்கும்னு பேசி சேந்தேன். தீபாவளி வாரத்துல எந்த கடைலயாவது 8 மணிக்கு ஆள விடுவாங்களா? பத்தே கால் ஆச்சு, வெளியூர் பஸ்ல ஏறுனா பைபாஸ்ல இறக்கிட்டு போயிட்டான், அங்கிருந்து மழைல நடந்தே போனேன். மூணாவது நாள் பாத்தா அப்பா டிவிஎஸ் எக்ஸெல் வண்டிய எடுத்துட்டு வந்து பைபாஸ்ல நிக்கிறாரு, மறுநாள் காலைல 4 மணிக்கு கரண்ட் வந்ததும் மோட்டார் போடணும் அவருக்கு. அன்னைக்கே நின்னுட்டேன். பாதில நின்னதால அந்த 3 நாள் காசும் வரல, கேட்டா தீபாவளி முடிஞ்சு வான்னாங்க, முடிஞ்சு போனா நீ யாருப்பான்னாங்க.

அதனால வேலை தேடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து ஏழு நாளையும் எழுதுங்க, காலேஜ் நேரம், லேப் இருக்குற நாள், போற பஸ், வர்ற பஸ், கடைசி பஸ். ஷிப்ட் இருக்குற காலேஜ்ல காலை ஷிப்ட் படிக்கிறவங்களுக்கு மதியத்துக்கு மேல சும்மா கிடக்கும், மதியம் ஷிப்ட் ஆளுங்களுக்கு விடியக்காலை வேலைதான் சரி, அதுல தூக்கம் போகும்னு தெரிஞ்சே எறங்குங்க. 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும்ல, அத தொடாத நேரம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அந்த பேப்பர்ல தெரியும். இன்னொன்னு, பஸ் பாஸ் வீட்டுக்கும் காலேஜுக்கும்தான், வேலைக்கு வேற ரூட்டுன்னா டிக்கெட் எடுக்கணும், அந்த காச சம்பளத்துல கழிச்சு பாருங்க. பொண்ணுங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல 2021ல இருந்து டிக்கெட் இல்ல, அது ஒரு பெரிய உதவி, ஆனா அந்த பஸ்ஸுங்கதான் சீக்கிரம் நின்னு போகும்.

அப்புறம் இதையும் செக் பண்ணிக்கங்க, கவர்ன்மென்ட் ஸ்கூல்ல 6ல இருந்து 12 வரைக்கும் படிச்சவங்களுக்கு மாசம் 1000 ரூபா வரும், பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்ப் புதல்வன். அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் ஆகாம அந்த காசே வராம இருக்கும், நம்மாளு அத விட்டுட்டு 1000 ரூபாய்க்கு கடைல நின்னுட்டு இருப்பான்.

இப்ப வேலைக்கு வருவோம். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் மாச சம்பளத்துக்கு பார்ட் டைம் வேணும்னு தேடுனா சுத்திக்கிட்டே இருப்பீங்க, ஒண்ணு ரெண்டுதான் மாட்டும். இங்க இருக்கறது நாள் கணக்கு வேலை, சீசன் வேலை. அதுக்கு வேலை வெப்சைட்ட விட வீட்டு சுவத்துல தொங்குற காலண்டர் நல்லா வழி காட்டும். அதுல முகூர்த்த நாள் லிஸ்ட் இருக்கும் பாருங்க, அந்த தேதிங்கள உங்க டைம்டேபிள்ல ஒட்டுங்க. வைகாசி, ஆவணி, தை, பங்குனின்னு போட்டு தாக்கும், ஆடியும் மார்கழியும் காலி.

முகூர்த்தம்னா கேட்டரிங். பசங்க பாஷைல சர்வீஸுக்கு போறது. ஒரு வேளை பந்தி ஒரு சர்வீஸ், நைட் ரிசப்ஷன் ஒண்ணு, காலைல டிபன் ஒண்ணு, மதிய சாப்பாடு ஒண்ணு, காசும் சர்வீஸ் கணக்குதான். எனக்கு மொத சர்வீஸுக்கு 350 குடுத்தாங்க, மூணாவது வருஷம் 600 வரைக்கும் வாங்குனேன், இடத்துக்கு இடம் மாறும். இதுல சேர்றதுக்கு பயோடேட்டா எல்லாம் வேணாம். எந்த கல்யாணத்துக்கு போனாலும் கடைசி பந்தி முடிஞ்சு அவங்க சாப்பிட உக்காருற நேரம் சமையல்கட்டு பக்கம் போங்க, பசங்கள கூட்டிட்டு வந்த ஹெட் ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட அண்ணா நான் காலேஜ் படிக்கிறேன், லீவ் நாள்ல வரலாமான்னு கேளுங்க. நம்பர் வாங்கி வாட்ஸப் குரூப்புல போடுவாரு. நாளைக்கு 20 பேர் வேணும், பிளாக் பேண்ட் ஒயிட் சர்ட் ஷூன்னு மெசேஜ் வரும், போக முடிஞ்சா பேர் போடணும், முடியலன்னா கம்முனு இருக்கலாம், ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. நம்ம ஊர்ல இதவிட பிளெக்ஸிபிளான வேலை நான் பாக்கல. ஆனா பேர் போட்டுட்டு வராம போனா குரூப்புல இருந்து தூக்கிடுவாங்க, அங்க மட்டும் மன்னிப்பே கிடையாது.

மொத நாள் தண்ணி பாட்டில், இல்லன்னா உப்பு ஊறுகாய்தான் கைல குடுப்பாங்க, சாம்பார் வாளி தரமாட்டாங்க, ஏன்னா யாரோட பட்டுப்புடவைலயாவது ஒரு சொட்டு விழுந்தா அன்னைக்கு ஹெட்டு கதை முடிஞ்சுது. எலை போடும்போது நுனி சாப்பிடறவங்க இடது கை பக்கம் வரணும், இத மாத்தி போட்டு ஒரு பெரியவர்கிட்ட நான் வாங்குன திட்டு இன்னும் காதுல இருக்கு. வாளி கைக்கு வந்ததும் ஒண்ணே ஒண்ணு கத்துக்கங்க, கரண்டிய அள்ளுனதும் நேரா எலைக்கு கொண்டு போகாதீங்க, வாளி விளிம்புல ஒரு வழிப்பு வழிச்சுட்டு அப்புறம் கொண்டு போங்க, அடில சொட்டாது. நைட் ரிசப்ஷன் முடிய பதினொன்ற ஆகும், பஸ் இருக்காது, அதனால நைட்டு சர்வீஸுக்கு போனா காலை டிபனுக்கும் சேத்து பேர் போடுங்க, மண்டபத்துலயே படுத்துட்டு காலைல முடிச்சுட்டு வந்துடலாம். இல்லன்னா வேன் டிராப் உண்டா, எது வரைக்கும்னு மொதல்லயே கேட்டுடுங்க.

சீசன் வேலைல நமக்குன்னு இருக்கறது மாங்கா. ஏப்ரல் கடைசில ஆரம்பிச்சு ஜூலை வரைக்கும் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர் பக்கமெல்லாம் மண்டில வண்டி நிக்கும், செமஸ்டர் முடிஞ்சு லீவ் விடறதும் அதே நேரம்தான். மூட்டை தூக்கித்தான் ஆகணும்னு இல்ல, எடை போட்டு சீட்டு எழுதறதுக்கு கணக்கு தெரிஞ்ச ஆளு வேணும், விவசாயி பேரு, ரகம், எத்தன கிலோ, கழிவு எவ்வளவுன்னு தப்பில்லாம எழுதணும். பெங்களூரா, செந்தூரான்னு மாங்கா ரகங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சா போதும். மாம்பழக் கூழ் ஃபேக்டரிலயும் சீசனுக்கு ஆள் எடுப்பாங்க, ஆனா அது ஷிப்ட் வேலை, நிக்கணும், ஈரம், லீவ்ல மட்டும் போங்க. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் இருக்குறவங்களுக்கு தக்காளி மண்டி, விடியக்காலைலயே வேலை முடிஞ்சுரும், மதியம் ஷிப்ட் பசங்களுக்கு தோதானது. ஓசூர், பாகலூர் பக்கம் ரோஜா தோட்டத்துல காதலர் தினத்துக்கு முன்னாடி, ஜனவரி கடைசில இருந்து பேக்கிங்குக்கு ஆள் பத்தாது. நமக்கு ரோஜா குடுக்க ஆள் இல்லன்னாலும் கட்டி அனுப்புன காசு வரும்.

வீட்ட விட்டு போக முடியாதவங்களுக்கு டியூஷன்தான் பெஸ்ட்டு. என் தங்கச்சி வீட்டு திண்ணைல 8 பிள்ளைங்கள வச்சு ஆளுக்கு 300 ரூபா வாங்குனா, மாசம் 2400, பஸ் செலவு சுத்தமா இல்ல. ஜூன்ல ஆரம்பிக்கறத விட காலாண்டு பரிட்சை மார்க் வந்த வாரம் ஆரம்பிங்க, அம்மாங்களே கைய புடிச்சு கூட்டிட்டு வந்து விடுவாங்க. பத்தாவது பிள்ளைங்களுக்கு கணக்கு, இங்கிலீஷ் ரெண்டு மட்டும் எடுங்க, எல்லா சப்ஜெக்டும் எடுக்கறேன்னு ஒத்துக்கிட்டா உங்க படிப்பு காலி. காசு மாசம் பொறந்ததும் வாங்கிடுங்க, கடைசில வாங்கலாம்னு இருந்தா, சொந்தக்காரங்கதான் மொதல்ல ஏமாத்துவாங்க.

ஆரி வேலை (துணில ஊசியால போடற எம்பிராய்டரி) தெரிஞ்ச பொண்ணுங்களுக்கு பிளவுஸ் தைக்கிற அக்காங்க வீட்டுக்கே துணி குடுத்து விடறாங்க, சேலைய முன்னாடியே மடிப்பு எடுத்து பின் குத்தி குடுக்கறதுக்கும் இப்ப கல்யாண சீசன்ல ஆள் தேடறாங்க, ஒரு அயர்ன் பாக்ஸ் போதும். பசங்கள்ல போட்டோஷாப் தெரிஞ்சவன் பிளெக்ஸ் கடைக்கு போங்க. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருவிழா, கண்ணீர் அஞ்சலின்னு நம்ம ஊர்ல பிளெக்ஸ் இல்லாம எதுவும் நடக்காது. டிசைன் நைட்ல வீட்டுல இருந்தே பண்ணி அனுப்பலாம். ஒண்ணு மட்டும், பேர் லிஸ்ட்ட பார்ட்டிகிட்ட வாட்ஸப்ல எழுதி வாங்குங்க, ஃபோன்ல சொல்லி கேட்டு அடிக்காதீங்க, என் ஃப்ரெண்டு ஒருத்தன் தாய்மாமன் பேர விட்டுட்டான், அந்த காதுகுத்துல நடந்தத தனியா எழுதணும்.

டெலிவரி வேலை பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. 18 வயசு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூணும் இருந்தா பாருங்க, ஓசூர்ல ஆர்டர் ஓடற மாதிரி எல்லா ஊர்லயும் ஓடாது. ஸ்விக்கி, சொமேட்டோ எதுல சேர்றதா இருந்தாலும் உங்க ஊர்ல ஏற்கனவே ஓட்டுற ஒருத்தர்கிட்ட டீக்கடைல 10 நிமிஷம் பேசிட்டு சேருங்க. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, வண்டி லிட்டருக்கு 45 குடுக்குதுன்னா ஒண்ணேகால் லிட்டருக்கு மேல பெட்ரோலுக்கே போகும், ஆயில், டயர் வேற. வந்த காசுல இத கழிச்சதுதான் சம்பளம், ஆப்ல காட்டுறது இல்ல.

சிப்காட்ல, அதான் கவர்ன்மென்ட் தொழிற்பேட்டைல, பார்ட் டைம்னு கான்ட்ராக்ட் ஆளுங்க சொன்னா எத்தன மணி நேரம்னு கேளுங்க, பெரும்பாலும் அது முழு ஷிப்ட்தான், கம்பெனி பஸ் வந்து ஏத்திட்டு போயிரும், காலேஜ் அதோட போயிரும். லீவ்ல வேணா ஒரு மாசம் போகலாம். யார் கேட்டாலும் ஒரிஜினல் மார்க்ஷீட் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் குடுங்க, அதுலயும் எதுக்காக குடுக்கறீங்கன்னு குறுக்க எழுதி தேதி போட்டு கையெழுத்து போடுங்க.

ஆன்லைன்ல வர்றதுல பாதி மோசடி, கண்டுபுடிக்கறது ஈசி. வேலை குடுக்கறவன் உங்ககிட்ட காசு கேட்டா அது வேலை இல்ல. ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், ஐடி கார்டு ஃபீஸ், டெபாசிட், எந்த பேர்ல கேட்டாலும் சரி. டெலிகிராம்ல வீடியோவுக்கு லைக் போட்டா காசுன்னு வரும், மொதல்ல நிஜமாவே 150 ரூபா அனுப்புவான், உங்களுக்கு நம்பிக்கை வரும், அப்புறம் 1000 போட்டா 1400ன்னு சொல்லுவான், 5000ன்னு சொல்லுவான், அப்புறம் ஆளே இருக்கமாட்டான். போயிருச்சுன்னா வெக்கப்பட்டு உக்காராம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் பண்றீங்களோ அவ்வளவுக்கு அந்த பணத்த நிறுத்த வாய்ப்பு உண்டு. இதவிட மோசமானது ஒண்ணு இருக்கு, உன் பேங்க் அக்கவுண்ட், ஏடிஎம் கார்டு, சிம் குடு, மாசாமாசம் வாடகை தர்றேன்னு சொல்றது. அதுல திருட்டு காசு சுத்தும், போலீஸ் தேடி வர்றது உங்க வீட்டுக்கு. கூட படிக்கிறவனே கேட்டாலும் குடுக்காதீங்க.

எந்த வேலையா இருந்தாலும் சேரும்போதே மூணு கேள்வி கேட்டுடுங்க, எவ்வளவு, எந்த தேதில, பாதில நின்னா வேலை செஞ்ச நாளுக்கு காசு உண்டா. கேட்டத அன்னைக்கு நைட்டே வாட்ஸப்ல, அண்ணா நீங்க சொன்னபடி ஒரு நாளைக்கு இவ்வளவு, சனி ஞாயிறு வர்றேன்னு ஒரு வரி அனுப்பிடுங்க, அவர் ஓகே போட்டுட்டா அதுதான் உங்க அக்ரிமென்ட். துணிக்கடைல நான் அத பண்ணல. வந்த நாள், வந்த நேரம், போன நேரம் ஒரு சின்ன நோட்டுல எழுதி வைங்க. சம்பளத்த இழுத்தடிச்சா மாவட்டத்துல தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) ஆபீஸ் இருக்கு, அங்க மனு குடுக்கலாம், அந்த நோட்டும் மெசேஜும் அங்க பேசும்.

கடைசியா செமஸ்டர். தீபாவளி சீசனும் நவம்பர் செமஸ்டரும் ஒட்டிக்கிட்டே வரும், ஏப்ரல் செமஸ்டர் பங்குனி சித்திரை முகூர்த்தத்தோட மோதும், காசு நல்லா வர்ற நேரமும் படிக்க வேண்டிய நேரமும் ஒண்ணாதான் வந்து நிக்கும். டைம்டேபிள் வந்த அன்னைக்கே அண்ணா இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் வரமாட்டேன், எனக்கு பதிலா ஒரு பையன அனுப்பறேன்னு சொல்லிடுங்க, ஆள குடுத்துட்டு லீவ் கேட்டா யாரும் மூஞ்ச காட்டமாட்டாங்க. நாலாவது செமஸ்டருக்கு நான் அப்படித்தான் என் பெஞ்ச்மேட் ஒருத்தன அனுப்பி வச்சேன், கரண்டி புடிக்க தெரியாதவன், இப்ப அந்த குரூப்புக்கே அவன்தான் ஹெட். போன மாசம் எனக்கே மெசேஜ் போட்டிருக்கான், பிளாக் பேண்ட் இன்னும் பத்துதாடான்னு.