பழைய ஃபைபர் படகின் அடிப்பாகத்தை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் இறங்கிய ஃபைபர் படகுகளில் பல இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டன. நன்றாகச் செய்தவை, அவசரத்தில் கனம் குறைத்துச் செய்தவை என்று எல்லா ரகமும் அதில் உண்டு. அப்படி ஒன்று சல்லிசான விலைக்குக் கிடைத்து உங்கள் வீட்டுப் பக்கம் கவிழ்ந்து கிடக்கிறது என்றால், மேலே தொடர்ந்து படியுங்கள். ரெசின் (ஃபைபர் நாரைப் பிடித்து இறுகும் பிசின்) வேலை இதுவரை செய்ததில்லை என்றாலும் பரவாயில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்போடும் வேலை அரை நாளில் முடியும். அதற்கு முன்னால் காயவைப்பதும் தேய்ப்பதும்தான் வாரக்கணக்கில் இழுக்கும். பொறுமை போய், இருக்கிற விரிசலுக்கு மேலேயே ஒரு மேட்டை (‘மேட்’ என்பது கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டி பெயிண்ட் அடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த ஒட்டு அடுத்த சீசனில் தோசை மாதிரி கையோடு உரிந்து வரும்.

தட்டிப் பார்ப்பது

செலவு செய்யத் தகுந்த படகா என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தாலோ ஐந்து ரூபாய் நாணயத்தாலோ அடிப்பாகம் முழுக்க, சாணுக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக, உள்ளே காற்று இருப்பது போலக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பாதிக்கு மேல் வட்டமாகிவிட்டால், அந்தப் படகில் பணத்தைப் போட வேண்டாம் என்பேன்.

அணியத்தின் (படகின் முன்முனை) கீழ்ப்பகுதி, மணலில் இழுபடும் ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), எஞ்சின் மாட்டும் பின்பலகை இந்த மூன்றையும் கூடுதலாகப் பாருங்கள். பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். போல்ட் துளை வழியாக நீர் இறங்கி அது உளுத்திருக்கும். அங்கே மந்தமான சத்தம் கேட்டால் வெளியே எவ்வளவு ஒட்டினாலும் பயனில்லை. உள்மரத்தை வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். அது வேறு வேலை, இங்கே அதற்குள் போகவில்லை.

சிலந்திவலை போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் மேல்பூச்சான ஜெல்கோட்டோடு நின்றுவிடும். ஆனால் கோடுகள் ஒரே இடத்தில் குவிந்து, கையால் அழுத்தும்போது அந்த இடம் உள்வாங்கினால் அடியிலுள்ள ஃபைபரும் உடைந்திருக்கிறது.

கவிழ்ப்பது, கழுவுவது, காயவைப்பது

படகைக் கவிழ்க்க ஆள் வேண்டும், அதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். பழைய டயர்கள், மணல் மூட்டைகள் மேல் பல இடங்களில் தாங்கும்படி வையுங்கள். இரண்டே கட்டையில் நிறுத்தினால் நடுப்பகுதி தொய்ந்து, தொய்ந்த வாக்கிலேயே உங்கள் ஒட்டு இறுகிவிடும். மேலே ஒரு தார்ப்பாய் பந்தல் போடுங்கள். நேர்வெயிலில் ரெசின் கட்டுக்கடங்காமல் இறுகும், இரவுப் பனியும் படகின் மேல் இறங்கும்.

கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்), பாசியைச் சுரண்டியபின் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். கிணற்றுநீர் உப்பாக இருந்தால் கடைசிக் கழுவலுக்காவது வேறு நீர் வேண்டும். உப்பு தங்கினால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். அச்சிலிருந்து வந்த மெழுகு, எஞ்சின் ஆயில் எல்லாம் இதில் போய்விட வேண்டும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால், தாளே அந்த மெழுகைப் பள்ளங்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

கொப்புளங்கள் இருந்தால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினிகர் வாடையோடு பிசுபிசுப்பான நீர் வந்தால், கடல்நீர் ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே போய் ரெசினோடு வினைபுரிந்திருக்கிறது. தினமும் கரைக்கு ஏற்றும் படகில் இது குறைவு. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக்கிடந்த படகில் அதிகம். எல்லாக் கொப்புளங்களையும் திறந்து கழுவிக் காயவிட வேண்டும்.

காய்ந்ததா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. ஒரு முழச் சதுர பாலிதீன் தாளை அடிப்பாகத்தில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். ஒரு பகலும் இரவும் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் படகு இன்னும் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பித்தால் மழைமாதக் காற்றில் காய்வதே இல்லை. தை முடிந்தபின் தொடங்குவது நல்லது. சித்திரையில் செய்வதானால் காலை வேளையில் மட்டும் ரெசின் கலக்குங்கள்.

கெமிக்கலைத் தொடும் முன்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கடையில் மூன்று பொருள் தருவார்கள்: பாலியெஸ்டர் ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட். ரெசினை இறுகவைப்பது கேட்டலிஸ்ட், அதை வேகப்படுத்துவது கோபால்ட். கோபால்ட் ஊதா நிறத்தில் இருக்கும். கேட்டலிஸ்ட் தண்ணீர் போல இருக்கும், எம்.இ.கே.பி. என்பார்கள்.

கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒன்றோடொன்று நேராகச் சேரவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி முழுவதும் கலக்குங்கள். அது கலந்தபின்தான் கேட்டலிஸ்ட். அளவுக்கு இரண்டு தனி ஊசிக்குழல் வைத்து, எது எதற்கு என்று எழுதி ஒட்டுங்கள். பாட்டில்களையும் ஒரே பையில் வைக்காதீர்கள். சில கடைகளில் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசின் கிடைக்கும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வையே போகலாம். கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்கட்டும். பட்டுவிட்டால் உடனே குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேய்க்கும்போது வரும் கண்ணாடித் தூசிக்கு என்95 முகமூடி போதும். ரெசின் வாடைக்கு அது உதவாது. அதற்குக் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். முழுக்கைச் சட்டை போடுங்கள், அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பீடி, சிகரெட் பந்தல் பக்கமே வரக்கூடாது.

தேய்த்துத் திறப்பது

கிரைண்டரில் 36 அல்லது 40 நம்பர் தாள் போட்டு, சாக்பீஸ் வட்டத்துக்குள் உடைந்த ஃபைபரைத் தேய்த்து எடுங்கள். வெள்ளை வெள்ளையாகத் தெரியும் இடம் ரெசின் விட்டுப்போன இடம். அது மறைந்து, ஒரே நிறத்தில் கெட்டியான ஃபைபர் தெரியும்வரை நிறுத்தாதீர்கள்.

பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக நிற்கக்கூடாது. சரிவாக இறங்க வேண்டும்: கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளச் சரிவு. படகின் கனம் 5 மி.மீ. என்றால் ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 60 மி.மீ. சரிவு. அதாவது 5 செ.மீ. ஓட்டைக்கு 17 செ.மீ. வட்டம் திறக்க வேண்டும். ஓட்டையைப் பெரிதாக்குகிறோமே என்று மனசு கேட்காது. ஆனால் பழைய ஃபைபர் எப்போதோ இறுகி முடிந்துவிட்டது, புது ரெசின் அதில் ரசாயனமாகக் கலக்காது. சொரசொரப்பான பரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பரப்பு எவ்வளவு அகலமோ பிடிப்பும் அவ்வளவு.

ஓட்டை உள்பக்கம்வரை போயிருந்தால், ஒரு அட்டையில் பாலிதீன் சுற்றி உள்ளிருந்து அணைத்து ஒட்டுங்கள். பாலிதீனில் ரெசின் ஒட்டாது, பிறகு உரித்துவிடலாம். உள்ளே மிதப்புக்கு வைத்த தெர்மாகோல் இருந்தால் அதன் மேல் நேராக ரெசின் பூசாதீர்கள், தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும்.

எவ்வளவு கலப்பது?

அதே 17 செ.மீ. வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 450 கிராம் மேட் என்றால் ஒரு சதுர மீட்டர் 450 கிராம் எடை. ஒட்டி இறுகியபின் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வரும். எனவே 5 மி.மீ. கனத்துக்கு ஐந்து அடுக்கு. 17, 14.5, 12, 9.5, 7 செ.மீ. என்று ஐந்து வட்டம் வெட்டினால் எல்லாம் சேர்ந்து 28 கிராம்கூட வராது. ரெசின் அதைப்போல இரண்டரை மடங்கு, 70 கிராம். பிரஷ்ஷிலும் ஓரத்திலும் போவதைச் சேர்த்து 100 கிராம் கலக்கலாம்.

அந்த 100 கிராமுக்குக் கோபால்ட் 1 மி.லி., கேட்டலிஸ்ட் 1 முதல் 2 மி.லி. ரெசின் டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். வெயில் அதிகம் என்றால் கோபால்ட்டைக் குறையுங்கள். கேட்டலிஸ்ட்டை 1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோனால் ரெசின் இறுகியது போலத் தெரிந்தாலும் உள்ளே முழுதாக வேகாது.

மொத்தமாக ஒரு கிலோ கலக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள். டப்பாவிலேயே சூடேறிப் புகைந்துவிடும். சின்னக் கலவையாக, அகலமான தட்டில் கலக்குங்கள். மீந்தது புகைய ஆரம்பித்தால் வெளியே மணலில் கொட்டுங்கள், இறுகியபின் அள்ளி அப்புறப்படுத்தலாம்.

எபாக்ஸி ரெசின் பற்றிக் கேட்பீர்கள். பழைய ஃபைபரில் அதன் பிடிப்பு பாலியெஸ்டரைவிட நல்லதுதான், விலையும் கணிசமாக அதிகம். அதன் மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். சாதாரண மேட்டும் அதற்கு ஒத்துவராது, நெய்த துணி வாங்க வேண்டும். முதல்முறை செய்பவருக்கு, சின்ன ஒட்டுகளுக்குப் பாலியெஸ்டரே போதும் என்பது என் அபிப்பிராயம். நீர்மட்டத்துக்குக் கீழே பெரிய ஓட்டை என்றால் எபாக்ஸிக்குச் செலவு செய்யலாம்.

மேட் ஒட்டுதல்

தேய்த்த தூசியைத் துடைத்து, அசிட்டோன் காய்ந்ததும் முதலில் வெறும் ரெசினைப் பள்ளத்தில் பூசுங்கள். அதன் மேல் மேட். பெரிய வட்டம் முதலா சின்னது முதலா என்று கேட்டால் இரண்டு கட்சியும் உண்டு. நான் பெரியதைத்தான் முதலில் வைப்பேன். கடைசியில் சமப்படுத்தும்போது, முழுப் பள்ளத்தையும் பிடித்திருக்கும் அடுக்கு வெட்டுப்படாமல் அடியிலேயே தப்பிக்கும்.

பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்தால் மேட்டின் நார் கலைந்து பிரஷ்ஷோடு வரும். சில நிமிடம் விட்டால் நாரைப் பிடித்திருக்கும் பசை கரைந்து மேட் துவண்டு, பள்ளத்தோடு படியும். இப்போது வரிப்பள்ளம் உள்ள இரும்பு ரோலரை நடுவிலிருந்து வெளியே உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது. ரெசின் குளம் கட்டினாலும் தப்பு. வலு நாரில்தான் இருக்கிறது, ரெசின் மட்டும் தேங்கிய இடம் நொறுங்கும்.

இரண்டு மூன்று அடுக்கு வைத்ததும் நிறுத்தி, சூடு தணிந்தபின் மீதியை வையுங்கள். ரெசின் தோல் பதத்துக்கு வரும் சமயத்தில் ஓரப்பிசிறைக் கத்தியால் சீவிவிடலாம். அந்தச் சில நிமிடத்தை விட்டால் பிறகு கிரைண்டர்தான். மேற்பரப்பு மறுநாளும் பிசுபிசுப்பாக இருப்பது பிசகு இல்லை. காற்றுபடும் பக்கம் ரெசின் முழுதாக இறுகாது, அந்தப் பிசுபிசுப்பில்தான் அடுத்த அடுக்கு நன்றாக ஒட்டும். நாட்கள் தள்ளிப்போய் முழுக்க இறுகிவிட்டால், மறுபடி உப்புத்தாள் போட்டுவிட்டு ஒட்டுங்கள்.

ஏராவுக்கு மட்டும், ஓட்டை இல்லாவிட்டாலும், தேய்த்துவிட்டு நீளவாக்கில் மேட், ஊவன் ரோவிங் (தடித்த நெய்த கண்ணாடி நார்த் துணி), மேட் என்று ஒரு பட்டை கூடுதலாக ஒட்டச் சொல்வேன். கரையில் இழுக்கும் படகு முதலில் தேய்வது அங்கேதான்.

பட்டியும் மேல்பூச்சும்

சின்னப் பள்ளங்களுக்கு ரெசினில் ஏரோசில்லும் (ரெசினைக் கெட்டியாக்கும் மென்பொடி) டால்க் பவுடரும் கலந்து பட்டி தயாரிக்கலாம். கார் பட்டறையில் போடும் பட்டி நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம், அது தண்ணீர் குடிக்கும். பட்டியை மெல்லிசாகப் போட்டு, நீளக் கட்டையில் சுற்றிய 80 நம்பர் தாளால் தேய்த்து, அப்புறம் 120. மேடுபள்ளம் பார்க்க இரவில் டார்ச்சைப் படகோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள், பகலில் தெரியாத குழியெல்லாம் தெரியும்.

கடைசிப் பூச்சுக்கு ஜெல்கோட் என்றால் சதுர மீட்டருக்கு 600 கிராம் போல வாங்குங்கள். பூச்சு அரை மி.மீ. கனம் நிற்க வேண்டும். இரண்டு கோட் அடிப்பதாக இருந்தால் இரண்டாவதில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்க்கச் சொல்லிக் கடையில் கேளுங்கள். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைப்பதால் பரப்பு பிசுபிசுப்பின்றி இறுகும். பக்கவாட்டுக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் எபாக்ஸி பிரைமரும், இரண்டு டப்பாவாக வந்து கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட்டும் நன்றாக வரும். பாசி தடுக்கும் பெயிண்ட், தண்ணீரிலேயே நிற்கும் படகுக்கு மட்டும் போதும்.

இறக்கும் முன்

ஒரு வாரமாவது இறுக விடுங்கள். பிறகு நிமிர்த்தி, உள்ளே நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி, படகை முன்னும் பின்னும் சாய்த்து ஒட்டுப்போட்ட இடங்களில் தேங்கவிடுங்கள். தரையில் இருக்கும் படகை முழுக்க நிரப்பாதீர்கள், அந்தப் பாரத்துக்கு அடிப்பாகம் செய்யப்பட்டதல்ல. வெளியே கசியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு ஒட்டுகளை மறுபடி தட்டிப் பாருங்கள். ஓரத்தில் வெண்மை படர்ந்தோ சத்தம் மந்தமாகியோ இருந்தால் அதன் மேல் இன்னொரு மேட் வைக்க வேண்டாம். அந்த ஒட்டை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, காயவைப்பதிலிருந்து தொடங்குங்கள்.